'தி சிம்ஸ் 2' விளையாட்டில் மரபுவழிப் பண்புகள்: இயற்கையும் வடிவமைப்பும்

மாக்சிஸ் நிறுவனம் உருவாக்கி 2004இல் வெளிவந்த 'தி சிம்ஸ் 2' என்னும் வாழ்க்கைப் பாவனைக் கணினி விளையாட்டில், குழந்தைகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் பண்புகளைப் பெறுகின்றனர். அப்பண்புகள் கடத்தப்படும் முறையில் மரபு பற்றிய இருவேறு கருத்துகள் உடன்நிற்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

முடி, கண் ஆகியவற்றின் நிறங்கள் மெண்டலின் விதியைத் தழுவியவை. முடியில் கருமையும் பழுப்பும் ஓங்கு பண்புகள். பொன்னிறமும் செந்நிறமும் ஒடுங்கு பண்புகள். கருமுடிப் பெற்றோர்க்குச் செம்முடிக் குழந்தை பிறக்கும்போது, புலப்படாது தங்கியிருந்த மூதாதையர் கூறு வெளிப்படுகிறது. குடும்பத்தைத் தலைமுறை கடந்த தொடர்ச்சியாக ஆட்டக்காரர் உணர்வது இவ்விடத்திலேயே. ஆயின் கண்நிறத்தில் அடர்நீலமும் பழுப்புக்கு இணையான ஓங்கு பண்பாக வைக்கப்பட்டுள்ளது. பாடநூல் மரபியலில் நீலம் ஒடுங்கு பண்பாகும். எனவே இங்கு ஓங்குதல் என்பது இயற்கையின் விதியன்று, வடிவமைப்பாளரின் தேர்வு.

தோல்நிறமோ பெற்றோர் நிறங்களுக்கு இடைப்பட்டதாகவும் அமையக்கூடும். இது 1866இல் மெண்டலின் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே நிலவிய கலப்பு மரபுக் கொள்கையை நினைவூட்டுகிறது. முடியில் மறைவும் மீள்வருகையும் மரபின் இலக்கணம். தோலில் இடைநிலையே இலக்கணம்.

குணமும் பெற்றோரிடமிருந்து புள்ளிகளாகக் கிடைக்கிறது. எனினும் பெற்றோரின் ஊக்குவிப்பால் அப்புள்ளிகள் மாறுகின்றன. ஆகவே இவ்விளையாட்டு அனைத்தையும் பிறப்பே தீர்மானிப்பதாகக் காட்டுகிறது என்னும் வாசிப்பு முழுமையானதன்று. உடலுக்கு ஒரு நீதியும் குணத்திற்கு வேறொரு நீதியும் இதில் வகுக்கப்பட்டுள்ளன. அவ்விதிகள் திரையில் விளக்கப்படாமல் இயங்குவதால், வகுக்கப்பட்டதை இயற்கையெனக் கொள்ளும் வாய்ப்பு மிகுதி. திறனாய்வு கவனம் கொள்ள வேண்டியது இம்மயக்கத்தையே.