அராக்கிச்சோவின் சுவர்

சுவிஸ் பயண எழுத்தாளர் நிக்கோலா பூவியே என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே காரில் ஏறிவிடுகிறார்கள். அந்தக் குட்டி ஃபியட் டோப்போலினோ, தப்ரீஸில் மாதக்கணக்காக வழிமறித்த பனி, குவெட்டாவில் கையெழுத்துப் பிரதியைத் தேடிக் குப்பைமேட்டைக் கிளறியது, கடைசியில் கைபர் கணவாய். நானும் அந்தக் காரில் எத்தனையோ முறை போய்வந்தவன்தான். ஆனாலும் நான் இறங்கிக்கொள்ளும் இடம் வேறு. டோக்கியோவில் அராக்கிச்சோ என்ற பேட்டை, 1956, அங்கே ஒரு சுவர்.

1953 ஜூனில் பரீட்சை முடிவுக்குக்கூடக் காத்திராமல் ஜெனீவாவைவிட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது 24. திட்டம் இரண்டு வருடத்துக்கு, பணம் நான்கு மாதத்துக்கு. அந்தக் கணக்கு உதைத்த இடம் டோக்கியோ. ஓவியம் விற்றுக் கூடவே வந்த தியெரி வெர்னே இல்லை. பையில் காசும் இல்லை. பசியோடு தெருவோரம் உட்கார்ந்திருந்தவருக்கு எதிர்ச்சுவர் ஒரு நாடக மேடையாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து ஆள் வருகிறார், சுவரைக் கடக்கிறார், மறுபக்கம் மறைகிறார். அடுத்த ஆள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த வரிசையை ஒரு ஜப்பானியப் பத்திரிகை காசு கொடுத்து வாங்கிக்கொண்டது.

கதை இவ்வளவுதான். பூவியே ரசிகர்கள் இதை ஒரு துணுக்காகச் சொல்லிவிட்டு 'ஜப்பானியக் குறிப்புகள்' பக்கம் போய்விடுவார்கள். எனக்கோ மூன்று வருடப் பயணமும் இந்தச் சுவருக்கு முன்னால் வந்து உட்காரத்தானோ என்று தோன்றும்.

அவர் இறந்தபின் வந்த படத்தொகுப்பு ஒன்றைப் புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில்தான் முதலில் பார்த்தேன். நண்பர் காபி போட உள்ளே போனார். அவர் திரும்பி வந்து, காபியில் ஆடை படிந்து, அதை அவரே எடுத்துப்போட்டு மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தபோதும் நான் அந்தச் சுவரைவிட்டு நகரவில்லை. பார்க்கக் குளிர்ச்சியான சுவர் இல்லை அது. ஜப்பான் என்று நெற்றியில் எழுதி ஒட்ட ஒரு ஃபூஜி மலையோ செர்ரிப் பூவோ பின்னால் கிடையாது. ஆள் மாறுகிறார், சுவர் மாறுவதில்லை. அதனால்தான் நடை தெரிகிறது. ஊரின் பின்னணியை எடுத்துவிட்டால் மனிதரிடம் மிஞ்சுவது தோளின் சாய்வும் காலின் வேகமும்தானே. போருக்குப் பிந்தைய காலம் முடிந்துவிட்டது என்று ஜப்பானிய அரசின் பொருளாதார அறிக்கை அறிவித்த வருடம் அது. முடிந்துவிட்டதா இல்லையா என்று பார்க்க அந்த அறிக்கையைவிட இந்தச் சுவரின் முன்னால் போகிற கால்களை நான் நம்புவேன்.

"இதில் என்ன புதுமை, கார்த்தியே-பிரெசோன் செய்யாததா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1932ல் அந்தப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் இயேரில் படிக்கட்டின் மேலிருந்து எடுத்த அந்த சைக்கிள் படத்தைக் காட்டுவார்கள். மேடையைப் பார்த்துவைத்துக்கொண்டு நடிகனுக்காகக் காத்திருப்பது இரண்டு பேருக்கும் பொது, மறுக்கவில்லை. ஆனால் பிரெசோன் காத்திருப்பது ஒரே ஒரு சைக்கிளுக்காக. மற்ற சைக்கிள்கள் அவருக்கு ஒத்திகை. பூவியே வந்த எல்லோரையும் மேடையேற்றுகிறார். ஒரு படத்தை மட்டும் உருவிச் சட்டம் போட்டு மாட்டினால் பாதி உயிர் போய்விடும். கச்சேரியில் ஒரு சங்கதியை மட்டும் வெட்டியெடுத்து ரிங்டோன் வைப்பதுபோல.

இன்னொரு நண்பர் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் பக்தர். 1978ல் பை நிறைய பிலிமோடு இந்தியாவுக்கு வந்த இளைஞனைவிட யார் ஆசியாவை நன்றாகப் பார்த்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. போர்பந்தரில் கழுத்தளவு வெள்ளத்தில் தையல் மெஷினைத் தோளில் தாங்கி வரும் அந்தத் தையல்காரரை நானும் மறக்கவில்லை. 2016ல் மெக்கரியின் சில படங்கள் கணினியில் திருத்தப்பட்டவை என்று சர்ச்சை கிளம்பியபோது அதை எடுத்துக்காட்டி நண்பரை நோகடிக்கவும் இல்லை. என் குறை வேறு. மெக்கரி படத்தில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அந்த ஆப்கன் பெண்ணின் கண்ணிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. பார்த்து முடித்ததும் எனக்குக் களைப்பாக இருக்கும். அராக்கிச்சோவில் யாருக்கும் நான் பொருட்டில்லை. அவரவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த அலட்சியத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. இதைச் சொன்னால் நண்பர், "நிறம் வேண்டாமா?" என்கிறார். நிறம் வேண்டுமென்றால் வண்ணப் படக்காரர் ரகுபீர் சிங்கிடம் போகலாம் என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

பூவியே எழுத்தாளர், படமெல்லாம் தொடுகறி என்போரிடம்தான் நான் கொஞ்சம் குரலை உயர்த்துவேன். பிற்காலத்தில் அவர் பிழைப்பு நடத்தியதே படத்தால்தான். நூலகங்களில் புகுந்து பழைய ஓலைக்கும் ஏட்டுக்கும் இடையில் கிடந்த படங்களைக் கேட்டவர்களுக்குத் தேடிக்கொடுப்பது அவர் தொழில். கண் வேறு, பேனா வேறு என்று பிரிக்கிற ஆளே இல்லை அவர்.

அந்தக் கண் எங்கே பழகியது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு: இலங்கையில், காலியில். வெர்னேயின் கல்யாணத்துக்காக அங்கே போனவர், புதுமணத் தம்பதி ஊர் திரும்பியபின் 1955ல் மாதக்கணக்காகத் தனியே தங்கிவிட்டார். காய்ச்சல், வெக்கை, தனிமை. நகர முடியாத உடம்பு. எறும்பும் கறையானும் தேளும் அறையில் நடத்திய போர்களைப் பார்ப்பதே பொழுது. கால் நூற்றாண்டு கழித்து 'தேள்மீன்' என்ற புத்தகமாக அது வந்தது. பூச்சிகள் வரும் பக்கங்களை அருவருப்போடு தாண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்தப் பக்கங்களைத்தான் திருப்பித் திருப்பிப் படிப்பேன். நோயாளி ஒருவன் படுத்த இடத்திலிருந்து பார்க்கிறான்; எதிரே ஊர்வலம் போகிறது. அடுத்த வருடம் டோக்கியோவில் எறும்புகளுக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான். காலியில் அவருக்குக் காய்ச்சல் வராமலிருந்தால் அராக்கிச்சோவில் அந்தச் சுவரும் வாய்த்திருக்காது என்றே நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

பைத்தியம் முற்றி நானும் ஒருமுறை செய்துபார்த்தேன். மதுரையில் வடக்கு மாசி வீதிக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒரு கிட்டங்கிச் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும். 'விளம்பரம் செய்யாதே' என்ற எழுத்தின் மேலேயே போஸ்டர் ஒட்டிக் கிழித்த தடம். எதிரே பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தேன். ஐம்பது எம்எம் லென்ஸ், எஃப்8, சுவருக்கு ஓரடி முன்னால் போகஸ். கேமராவில் ஊட்டியில் செய்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம். முதல் முப்பத்தாறும் பாழ். ஆள் நடுவில் வந்ததும் விரல் தானாக அமுக்கிவிடுகிறது. முப்பத்தாறு பாஸ்போர்ட் படம். இரண்டாவது ரோலில்தான் விரல் கொஞ்சம் அடங்கியது. ஆள் பாதி வெளியேறிய பிறகு, குடையின் நுனி மட்டும் உள்ளே இருக்கும்போது, யாருமே இல்லாதபோது என்று எடுக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, ஏற்கெனவே இருமுறை கடந்துபோன ஒரு பாட்டி நின்றுவிட்டார்.

"என்னப்பா, சொவத்தையா போட்டா புடிக்கிற? கார்ப்பரேசன் ஆளா? இடிக்கப் போறாகளா?"

"இல்லம்மா, சும்மாதான்."

"சும்மா ஒருத்தன் இம்புட்டு நேரம் வெயில்ல உக்காருவானா?" நம்பவே இல்லை. சற்று நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் நான்கு பேர் கூடிவிட்டார்கள். என் மேடை பார்வையாளர் பக்கம் மாறிவிட்டது.

பிலிமைக் கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில் பிரிண்டுகள் ஒன்பது குறைந்தன. "ஆள் இல்லாததெல்லாம் வேஸ்ட்டு சார், பிரிண்ட் போடல. உங்க காசுதான் மிச்சம்" என்றார் அண்ணன், நல்லெண்ணத்தோடு. நெகட்டிவை ஆறாறாக வெட்டியபோது, குடை நுனி இருந்த பிரேமைக் குறுக்காகவும் வெட்டியிருந்தார். அவரை எப்படிக் கோபிப்பது? ஆள் இல்லாத சுவரில்தான் அடுத்து வரப்போகிறவர் நிற்கிறார் என்பதை அந்த கவுன்டரில் நின்றுகொண்டு நான் எப்படி விளக்குவது?

இப்போது முதுகில் பையோடு ஆசியாவைச் சுற்றுகிற பிள்ளைகளின் படங்களை நிறையப் பார்க்கிறேன். கேமரா என்னுடையதைவிடப் பத்து மடங்கு உசத்தி. காசிப் படகு, ஜோத்பூர் நீலச் சந்து, ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரணங்கள். போவதற்கு முன்பே பார்த்துவிட்ட படத்தைப் போய் உறுதிசெய்துகொண்டு திரும்புகிறார்கள். கியோத்தோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் பத்தாயிரம் யென் அபராதம் என்று பலகை வைக்கும்படி ஆகிவிட்டது. நாளுக்கு ஒரு ஊர். சுவருக்கு எங்கே நேரம்?

2024 மே மாதத்தில் ஃபூஜிகாவாகுச்சிகோ என்ற ஊரில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். லாசன் கடையின் கூரைக்கு மேலே ஃபூஜி மலை உட்கார்ந்திருக்கும் கோணத்துக்காகச் சாலையை அடைத்துக் கூட்டம் நின்றது. தாங்க முடியாமல் ஊர் நிர்வாகம் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு கறுப்புத் திரையைக் கட்டியது. சில நாளிலேயே அதில் கேமரா லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன. ஆகஸ்டில் புயல் வருகிறதென்று திரையைக் கழற்றினார்கள்.

இருபது மீட்டர் சுவர். கறுப்பு, மட்டமானது, ஒரு பொட்டு இல்லாதது. அதன் முன்னால் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் இந்தப் பக்கமாக வருகிறார்கள், நிற்கிறார்கள், குனிந்து ஓட்டையில் கண் வைக்கிறார்கள், அந்தப் பக்கமாகப் போகிறார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மலையை மறந்துவிட்டு, அந்த முதுகுகளை எடுத்தவர் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? இருந்தால் அந்தப் படங்களை நான் பார்க்க வேண்டும். யாருமில்லாத பிரேம்களையும் சேர்த்து.