பரம்பரை என்னும் பதில் போதுமா?

"அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் வந்துவிட்டது. எல்லாம் பரம்பரை!" என்னும் பேச்சு எங்கள் மலையூரான பண்ணைக்காட்டிலும் வழங்குகிறது. இம்முடிவு சரிதானா? மகன் தந்தையிடமிருந்து மரபணுக்களோடு, தட்டில் விழும் சோற்றின் அளவையும் நடக்காத பழக்கத்தையும் பெறுகிறான். ஆகவே, குடும்பத்தை மட்டும் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிய இயலாது.

இயற்பியலில், இரு காரணிகள் கலந்திருந்தால் ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மாற்றிப் பார்ப்போம். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இத்தகையது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாக்கினர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்ட பிரிவில் 39 பேருக்கு வந்தது. குலுக்கலினால் பரம்பரைக் கூறு இரு பிரிவுகளிலும் ஏறக்குறையச் சமமே. எனவே, இக்குறைவு பழக்க மாற்றத்தின் பயன் எனலாம்.

"எல்லாம் பழக்கமே" என்போரும் அந்த 39 பேரை நினைக்க வேண்டும். முயன்றும் நோயுற்றவரைப் பழிப்பது நியாயமன்று. அதே வேளையில், மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வாய்வு அளக்கவுமில்லை.

வாசகர்களே, பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் அதை முன்னெச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். இரத்தச் சர்க்கரையைக் காலத்தே சோதியுங்கள், நடையைக் கைவிடாதீர்கள்.