அத்திப்பட்டிக் கதையின் பலமும் குறையும்

காரைக்குடியில் பிறந்த கோமல் சுவாமிநாதன் 1980இல் மேடையேற்றிய 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தில், லஞ்சம் வாங்குபவனை வெட்டிச் சாய்க்கும் கதாநாயகன் கிடையாது. அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம்தான் கதாநாயகன். மனுக் கொடுத்து ஓய்ந்த ஜனங்கள் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். தொலைவில் உள்ள ஊற்றிலிருந்து தாங்களே கால்வாய் வெட்ட மண்வெட்டி எடுக்கிறார்கள். அத்தனை காலம் எட்டிப் பார்க்காத அதிகாரிகளும் போலீசும் அன்றைக்குத்தான் வருகிறார்கள், அனுமதி இல்லை என்று தடுக்க.

இந்த ஒரு காட்சி போதும், கோமலின் பலத்தைச் சொல்ல. ஊழலை ஒரு கெட்டவனின் குணமாக அவர் பார்க்கவில்லை. கோப்பு, அனுமதி, ஓட்டு, காக்கிச்சட்டை எல்லாம் சேர்ந்து ஓர் ஊரை எப்படி நெரிக்கின்றன என்று காட்டினார். 1981இல் கே. பாலசந்தர் இதைப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

'இந்தியன்' (1996), 'ரமணா' (2002) படங்கள் வேறு வழியில் போயின. லஞ்சத்தைப் பற்றி வீடு வீடாகப் பேசவைத்தது அவற்றின் சாதனை, மறுக்க முடியாது. ஆனால் தண்டிக்கும் வேலையை ஒரு தனி ஆளிடம் ஒப்படைத்துவிட்டன. கைதட்டிவிட்டு வெளியே வந்த ரசிகர், மறுநாள் சான்றிதழுக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

கோமலிடமும் குறை உண்டு. அத்திப்பட்டி தோற்கிறது, ஊருக்காகத் தண்ணீர் சுமந்த வெள்ளைச்சாமி தாகத்தில் சாகிறான். கோபம் மிஞ்சுகிறது, வழி தெரிவதில்லை.

அந்த வழியை ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு 1994இல் காட்டியது. பொம்மலாட்டத்தையும் பாட்டையும் வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள். பிறகு அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அங்கேயே அம்பலமானது. 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டவற்றில் இந்தப் போராட்டம் முக்கியமானது.

தமிழ்நாட்டில் இப்படி நாடகம் போட்டு ஊரைக் கூட்டுவதற்கு இருந்த சட்டத் தடையும் தளர்ந்துவிட்டது. நாடகங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்தால் செல்லாதவையாகின.

கோமல் பிறந்த காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் இன்றும் விடிய விடிய நடக்கிறது. மேடை இருக்கிறது, பார்க்க ஜனமும் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபைக்கு முந்தின இரவு அத்திப்பட்டிக் கதையைப் போடுங்கள். மறுநாள் சபையில், ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.