கல்கியின் கதையும் மாமல்லைக் கல்லும்

தமிழில் சரித்திரப் படம் என்றாலே பேச்சு கல்கியிடம் வந்து நிற்கும். அவருடைய மூன்று பெரிய சரித்திர நாவல்களிலும் மாமல்லபுரம் உண்டு. ‘பார்த்திபன் கனவி’ல் சோழ இளவரசன் விக்கிரமனை நாடு கடத்தும் கப்பல் கிளம்புவது இந்தத் துறைமுகத்திலிருந்து. ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலன் மலையமானோடும் பார்த்திபேந்திரனோடும் மனம்விட்டுப் பேசுவது இங்கே. ‘சிவகாமியின் சபதம்’ இதே கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனத்தில் முளைத்தது. முதல் இரண்டும் படமாகிவிட்டன. மூன்றாவது இன்னும் வெள்ளித்திரைக்கு வரவில்லை.

1960இல் டி. யோகானந்த் இயக்கிய ‘பார்த்திபன் கனவு’, நாவலைப் படமாக்குவதில் உள்ள முதல் சிக்கலை வெளிச்சமாகக் காட்டியது. சிவனடியார் யார் என்பதுதான் அந்த நாவலின் உயிர்நாடி. தாடியும் சடையுமாக வந்து விக்கிரமனைக் காப்பவர், அவனுடைய பகைவனான நரசிம்ம பல்லவரே என்பது வாசகனுக்கு மெல்ல மெல்லத்தான் புரியும். எழுத்தில் முகம் கிடையாது, அதனால் ரகசியம் நிற்கிறது. திரையில் எஸ்.வி. ரங்காராவின் கண்களையும் குரலையும் எந்தத் தாடி மறைக்கும்? படம் பார்ப்பவன் முன்கூட்டியே கண்டுகொள்கிறான். ஆனாலும் ரங்காராவின் கம்பீரத்தில் வேறொரு சுவை கிடைத்தது: உண்மை தெரிந்தபின்னும், அரசர் எப்போது வேஷத்தைக் கலைப்பார் என்று காத்திருக்கும் சுவை.

‘பொன்னியின் செல்வ’னின் வழி நீண்டது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதையை 1958இல் எம்.ஜி.ஆர். படமாக்க முயன்றார், நடக்கவில்லை. 1999இல் மேஜிக் லேன்டர்ன் குழு அதை மேடையேற்றியது. அந்த நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேலே பிறகு மணிரத்னத்தோடு திரைக்கதையிலும் சேர்ந்தார். 2022, 2023 ஆண்டுகளில் வந்த இரண்டு பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்.

நாவலில் வரும் மணிமேகலை படத்தில் எங்கே என்று வாசகர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் ஐந்து பாக நாவலில் சிலர் விடுபட்டே தீரவேண்டும். சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தை நீக்கியதுதான் பெரிய இழப்பு. பூத்தொடுக்கும் பிள்ளை அரியணை ஏறுவதில்தான் நாவலின் முடிவுக்குக் கனம் இருந்தது. அந்தக் கதையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கதையை மாற்றலாம், நாவலாசிரியரே சரித்திரத்தை மாற்றியவர்தான். காலத்தின் தோற்றத்தில்தான் திரை கறாராக இருக்கவேண்டும். சோழர் கதையின் சில காட்சிகளை மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவில் எடுத்தார்கள். அங்குள்ள அரண்மனைகள் பந்தேலா அரசர்கள் கட்டியவை, சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. குவிமாடமும் சாளரமும் கண்ணைப் பறிக்கின்றன, காவிரிக்கரை மட்டும் காணாமற் போகிறது.

பல்லவர் கதையான ‘சிவகாமியின் சபத’த்துக்கு, காலத்துக்கு ஏற்ற இடம் கிடைக்காத இந்தத் தட்டுப்பாடே இல்லை. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் இரண்டு அரசர்கள் தேவியரோடு நிற்கிறார்கள்: சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று தலைக்குமேல் பெயர் பொறித்திருக்கிறது. எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. உடையில் வழக்கில்லை. ஒருவர் அமர்ந்திருக்கிறார், மற்றவர் தேவியின் கையைப் பற்றி அழைத்துப் போகிறார். உயர்ந்த கிரீடம், கழுத்தில் ஆரம், இடுப்பில் ஆடை, திறந்த மார்பு. நம் படங்களின் ராஜாக்கள் அணியும் ஜரிகைச் சட்டை அங்கே எவர் மேலும் இல்லை.

‘சிவகாமியின் சபத’த்தை எடுக்க வருபவர் முதலில் கடற்கரைக் கோயிலை மறக்கவேண்டும். அது ராஜசிம்மன் காலத்தது, கதையின் நாயகன் மாமல்லன் வாதாபியை எரித்து அரை நூற்றாண்டு கழித்து வந்தது. அவன் பின்னால் அந்த விமானம் தெரிந்தால் படம் அங்கேயே பொய்யாகிவிடும். மகேந்திரன் காலத்துக் குகை வேண்டுமானால் செங்கல்பட்டை அடுத்த வல்லத்திலேயே இருக்கிறது, அவனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன் கந்தசேனனின் கல்வெட்டோடு.

அந்த நாவலில் வரும் ஆயனச் சிற்பியின் பட்டறைக்கும் செட் தேவையில்லை. மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குடைவரைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிளந்து, நடுவே புடைத்த கல்லைத் தட்டி எடுத்த முறை இன்றும் தெரிகிறது. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் அதே ஊரில்தான். உளியை எப்படிப் பிடிப்பது என்று நடிகருக்குச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.