அபிஷிக்தானந்தரின் நாட்குறிப்பும் நூல்களும்

பள்ளிகொண்டாவில் ஆயர் சிலரும் இறையியல் மாணவரும் கூடி வாசித்தபோது ஒரு மாணவர் கேட்ட வினா நம்மை விடவில்லை. "ஐயா, இவர் உள்ளபடியே விசுவாசித்தது எது? நூலில் எழுதியதா, நாட்குறிப்பில் எழுதியதா?" இவர் என்றது சுவாமி அபிஷிக்தானந்தரை (1910–1973). பிரான்சிலிருந்து 1948-ல் வந்து, குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் மோன்ஷானென் அடிகளோடு 1950-ல் சாந்திவனத்தை நிறுவிய பெனடிக்ட் சபைத் துறவி அவர்.

1965-ல் பிரெஞ்சில் வெளிவந்த அவரது நூல், சத்து, சித்து, ஆனந்தம் என்பவற்றைப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியோடு இணைத்துக் காண்கிறது. அங்கே அத்வைதம் திரித்துவத்தில் நிறைவு பெறுவதாக வாதம் அமைதியாக நடந்து முடிகிறது. பான்னிக்கர் தொகுத்து 1986-ல் வெளியிட்ட நாட்குறிப்பிலோ அந்த அமைதி இல்லை. திருவண்ணாமலைக் குகைகளில் தங்கிய 1950-களில், அத்வைத அனுபவத்துக்கும் திருச்சபையின் விசுவாசத்துக்கும் இடையே கிழிபட்ட ஒரு மனம் அதில் தெரிகிறது. நூலின் கருத்துகள் பிறந்த இடம் அதுவே. ஆனால் பிறந்தபோது அவை விடைகளாக இல்லை.

மாணவர் பலர் உடனே நாட்குறிப்பே மெய், நூல் வெறும் போர்வை என்றனர். அதற்கு ஆதாரமும் உண்டு. 'குகாந்தரா' என்னும் அவரது கையெழுத்துப்படிக்குப் பாரிசிலிருந்த திருச்சபைத் தணிக்கையாளர் இசைவு மறுத்தார். அப்பாடத்துக்குப் பின் எழுதியவர் எச்சரிக்கையோடு எழுதியதில் வியப்பில்லை. (சபையார் முன் நாமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை!)

ஆயினும் அம்முடிவை நாம் ஏற்கவில்லை. இரவில் தனக்கென எழுதுகிறவனுக்கு மறுமொழி கூறுவார் இல்லை. நேற்றைய சொல்லை இன்று மறுத்தாலும் கேட்பாரில்லை. நூலோ அயலானுக்கு முன் நின்று பொறுப்பேற்கிறது. மேலும் நம் கைக்கு வந்திருப்பது முழு நாட்குறிப்பன்று, பிறர் தெரிந்தெடுத்த பகுதிகளே. சிலுவையின் வரலாற்று உண்மை அப்பக்கங்களில் மெலிந்தே நிற்கிறது என்பதும் நம் மனக்குறை.

நூலின் குறை வேறு. அது முடிவைத் தருகிறது. அம்முடிவுக்குக் கொடுத்த விலையை மறைக்கிறது. அவரும் அதனோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலப் பதிப்புக்காக அந்நூலைத் திருத்தினார். அது வெளிவந்தது 1974-ல், அவர் மறைந்த பின். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் இருதய நோயால் வீழ்ந்தபின் அவர் எழுதிய குறிப்புகளோ அவர் கையால் நூலாகவே இல்லை.

ஆகவே வினா எழுப்பிய மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். அருணாசலத்தைப் பற்றிய அவரது நினைவு நூலையும், அதே குகை நாள்களின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, நூலில் எது விடப்பட்டது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறோம்.