பாசம் என்னும் கட்டு

எச். ஏ. கிருட்டிணப்பிள்ளையைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றுதல் தமிழ் வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. சந்தத்திலும் உவமையிலும் ஒற்றுமை காட்டி அதனை நிறுவுவோர் பலர். ஆயினும், அவ்விருவரும் வேறுபடும் இடமே கற்பார்க்குப் பெரும்பயன் தருவதாகும்.

ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில், குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலம் இயேசு பெருமானின் பாடுகளைக் கூறுகிறது. பகைவர் அவரைக் கயிற்றால் பிணிக்கின்றனர். அவரோ திக்கற்றவர்போல் ஒடுங்கி நிற்கிறார். பாசம் என்பது கயிற்றுக்கும் பெயர், அன்புக்கும் பெயர். தம்மைப் பகைத்த மக்கள்மீது அவர் கொண்ட அன்பே உண்மையான கட்டு என்பது கவிஞர் தரும் விளக்கம். பாசத்தைக் களையவேண்டிய தளையெனக் கூறும் சைவ மரபில் ஊறிய செவிகளுக்கு இது புதுமையாக ஒலித்திருக்கும். காலன் கையிலிருப்பதும் பாசந்தானே!

கம்பனிலும் ஒருவன் விரும்பியே கட்டுண்கிறான். சுந்தர காண்டத்தில், ‘பாசப் படலம்’ என்றே பெயர்பெற்ற பகுதியில், அயன்படைக்கு அடங்கும் அனுமன், இராவணனைக் காண்பதற்கு அது வாய்ப்பெனக் கருதுகிறான். பின்னர் இலங்கை எரிகிறது. அவனுடைய அடக்கம் வெற்றிக்கு ஏறும் படி. இயேசுவின் கட்டோ சிலுவையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இடையில் எரியும் நகரம் எதுவுமில்லை. 1827இல் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருட்டிணப்பிள்ளை. அனுமன் கதையை அறிந்தே அவர் இவ்வாறு பாடினார் என்பதில் ஐயமில்லை.

ஈண்டு ஒரு வினா எழும். கட்டுண்டு நிற்றலை அன்பென்று பாராட்டுதல், ஒப்பந்தத்தால் கட்டுண்டு கடல் கடந்தோரின் வழித்தோன்றல்களுக்கு ஏற்புடைத்தா? பிரிஞ்சாங் மலைச்சாரல்களில் தேயிலை தழைக்குமுன்பே, 1910இல், மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. அம்முறையில் பிணித்தவனுக்கே உரிமை. பிணிபட்டவனுக்கு விடுபட வழியில்லை. கிருட்டிணப்பிள்ளை பாடியதோ விடுபட வல்லவர் விடுபடாது நின்ற நிலை. இவ்வேறுபாட்டை விளக்காமல், அப்பகுதியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நடத்தும் ஆசிரியர், தம்மை அறியாமலே கங்காணியின் பக்கம் நின்றுவிடுகிறார். அக்கொடுமை கண்டும் வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று புலம்புவோரையும் கவிஞர் அதே படலத்தில் நிறுத்தியிருக்கிறார்.