ஒத்து ஊதியவர்களும் ஓர் ஒலிநாடாவும்

"ஒத்து ஊதுகிறான்" என்பது நம் ஊரில் பழிச்சொல். பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரை அவ்வாறு குறிப்பிடுகிறோம். அச்சொல் பிறந்த இடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நாகசுரக் கலைஞருக்கு அருகில் நின்று, விரல் துளைகள் இல்லாத நீண்ட குழலை வாயில் வைத்து, மூச்சு அறுபடாமல் ஒரே சுரத்தை நெடுநேரம் ஒலித்த மனிதர் அவர். அவர் நிறுத்தினால் இராகம் ஊன்றி நிற்க நிலமில்லை. எனினும் அவர் பெயரை எவரும் அறிவித்ததில்லை. இன்று பெரும்பாலும் அவருடைய இடத்தில் சுருதிப்பெட்டி அமர்ந்துவிட்டது.

இந்த எண்ணத்தை என்னுள் எழுப்பியது ஓர் இசைத்தொகுப்பு. 1969 முதல் 1972 வரை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பதிவான மின்னணு இசை, 'என்.ஐ.டி. டேப்ஸ்' என்னும் பெயரில் 2023-இல் வெளிவந்தது. நண்பர் ஒருவர் அதைப் பழைய கேசட்டில் பதிந்து கொடுத்தார். என் வீட்டில் இன்னும் பழுதின்றி ஓடுவது கேசட் கருவி ஒன்றுதான். திண்டுக்கல் சாலைகளில் பேருந்துகளின் இரைச்சல் தணிந்தபின், ஓரிரவு அதைக் கேட்டேன். சற்று நேரத்தில் கருவி கெட்டுவிட்டதோ என ஐயுற்று எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன். கருவி கெடவில்லை, இசையே அதுதான்!

1969-இல் அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர், மூக் என்னும் மின்னணு இசைக்கருவியை அங்கே நிறுவினார். அதில் தந்தியுமில்லை, காற்றுமில்லை. மின் அலைவே ஒலியாகிறது. மின்னழுத்தம் ஏறினால் சுரம் ஏறும், இறங்கினால் இறங்கும். கருவியின் பகுதிகளைக் கம்பிகளால் மாற்றி மாற்றி இணைத்து ஒலியை உருவாக்க வேண்டும். வெப்பம் மாறினால் சுருதி நழுவும். தம்புராவைக் கூட்டிக் கூட்டிச் சரிசெய்யும் நம்மவர்க்கு இது புதுமையான தொல்லையாக இருந்திராது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே உருவாக்கிய ஒலிகள் நாடாச் சுருள்களில் பதிந்து, பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. பிரித்தானியக் கலைஞர் பால் பூர்கஸ் அவற்றைத் தேடியெடுத்தார்.

இவர்களுள் கீதா சாராபாயைத் தனியே குறிப்பிட வேண்டும். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்னும் இசைவாணருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடமிருந்து மேலை இசையைக் கற்றவர் அவர். இசையின் நோக்கம் என்னவென்று கேஜ் வினவியபோது, மனத்தைத் தெளிவித்து அமைதியாக்கி, இறையருளின் தாக்கத்திற்கு அதைத் திறந்துவைப்பதே என்று தம் ஆசிரியர் கற்பித்ததை எடுத்துரைத்தார். அவ்விடை கேஜின் வாழ்க்கையையே திசை திருப்பியது. 1952-இல் அவர், இசைக்கலைஞர் ஒரு சுரமும் எழுப்பாத ஆக்கமொன்றை அரங்கேற்றினார்.

இத்தொகுப்பு முழுவதும் அந்த உயரத்தை எட்டுகிறதா? இல்லை என்றே சொல்வேன். பல பதிவுகள் புதிய பொறியைத் தொட்டுப் பார்க்கும் விரல்களின் விளையாட்டு. திடீரெனத் தொடங்கித் திடீரென முடிகின்றன. பறவையொலியை நாடிய மாத்தூரின் முயற்சியும், விண்பயணத்தைக் கற்பனை செய்த ஜோஷிபுராவின் முயற்சியும் ஆவலைத் தூண்டுகின்றன, நிறைவைத் தருவதில்லை. இதை முழுமை பெற்ற நூலாகக் கொள்வதைவிட மாணவர் குறிப்பேடாகக் கொள்வதே நேர்மை. ஆனால் ஒலி நீண்டு நிலைக்கும் இடங்களில் வேறொன்று நிகழ்கிறது. முதலில் சலிப்பு, பிறகு எரிச்சல், அதன்பின், ஒன்றே எனத் தோன்றிய ஒலிக்குள் பல ஒலிகள் மெல்ல விலகிச் சேர்வது செவிக்குப் புலப்படுகிறது. தம்புராவின் குதிரையில் செருகிய நூலிழை எழுப்பும் அதிர்வும் இத்தகையதே. மாறியது ஒலியன்று, நம் செவியே. செபமாலை சொல்லிப் பழகியவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொகுப்பைக் கேட்டு முடித்தபின் வேறொரு கவலை பற்றிக்கொண்டது. அகமதாபாத்தின் நாடாக்களுக்குக் குளிரூட்டிய காப்பகமோ, குறைந்தது ஓர் அலமாரியோ இருந்தது. நம் ஊர்களின் பாடற்குழுக்கள் 1980-களில் பதிந்த கேசட்டுகள் எங்கே? என் தந்தையார் ஆர்மோனியத்தின் துருத்தியை இழுத்து, பாடல் தொடங்குமுன் நெடுநேரம் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பார். சிறுவனாகிய நான், "எப்பப்பா பாட்டு ஆரம்பிக்கும்?" என்று கேட்பேன். "ஆரம்பிச்சாச்சுப்பா" என்பார். அவர் வாசித்த கேசட் ஒன்றை அண்மையில் பெட்டியடியில் கண்டெடுத்தேன். நாடாவில் பூஞ்சை படர்ந்திருந்தது. சில வரிகள் பாட்டும், பிறகு இரைச்சலுமே மிஞ்சின. அந்த நீண்ட முதற்சுரம் முற்றிலும் அழிந்துவிட்டது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய கேசட் ஒன்று இருக்கக்கூடும். மழைக்காலம் வருமுன் அதை எடுத்து, இன்றைய முறையில் படியெடுத்து வையுங்கள். பாடியவர் பெயரோடு சுருதி பிடித்தவர் பெயரையும் உறைமேல் எழுதுங்கள். ஒத்து ஊதியவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.